நெறி

விரலில் சுற்றிய துணி தண்ணீருக்குள் அவிழ்ந்துபோனது.
மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குகையில்
பாறை ஆள்காட்டி விரலைக் கிழித்தது.
அன்றைக்கு எடை பதினொரு கிலோ.
கிழிசலை நான் கணக்கில் வைக்கவில்லை.

நாலாம் நாள் கை வீங்கிச் சிவந்து
அக்குளில் நெறி கட்டியது.
குளிக்கும்போது அதைத் தடவிப் பார்த்த கைதான்
கொஞ்சம் கீழே இறங்கி
வேறொன்றைத் தொட்டது.
கொட்டைப்பாக்கு அளவு. வலிக்காதது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் மெஹர் நிஷா இரண்டையும் தொட்டார்.
மார்பில் இருப்பதற்கு முடிவு வந்துவிட்டது, புற்று.
அக்குளில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை
எதனால் என்று இப்போது சொல்ல முடியாதாம்.
கையிலிருந்து வருவதும் மார்பிலிருந்து வருவதும்
அந்த ஒரே வாசலில்தான் வந்து நிற்குமாம்.
புண்ணுக்குக் கட்டிய நெறி என்றால் இரண்டாம் நிலை.
புற்று வந்து குந்தியிருந்தால் மூன்று.
ஜெபஸ்தியம்மாள், வயது 44, சின்னப்பாலம், பாம்பன்
எல்லாம் எழுதிவிட்டு
நிலை என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
முதலில் வீக்கம் வடியட்டும், பத்து நாள் மாத்திரை.

தென்னை மரத்தில் தேள் கொட்டப்
பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்று
ஊரையெல்லாம் கேலி பேசிய வாய் இது.
இப்போது நானே பனையாக நிற்கிறேன்,
கொட்டியது தேள்தானா என்று தெரியாமல்.

அந்த வாரம் பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
வள்ளங்களைக் கரையேற்றிவிட்டார்கள்.
மாத்திரை வாங்கி வந்த சந்தனமாரி
கூண்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்,
"உனக்கு எத்தனாம் நம்பர்டி?"
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
பிறகு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.
கூண்டு ஏற்றுகிறவருக்காவது
எங்கிருந்தோ ஒரு சேதி வந்துவிடுகிறது.

ராத்திரி வீட்டுக்காரர் தூங்கியபின்
விரலைப் பிரித்து வைத்துக்கொண்டு
கடன்காரி மாதிரி அதனிடம் கெஞ்சுவேன்:
இன்னும் கொஞ்சம் சீழ் பிடி.
எல்லாம் உன்னால்தான் என்று சொல்.
ஒன்பதாம் நாள் அது சுத்தமாக ஆறிவிட்டது.
ஆறிய புண்ணைப் பார்த்து அழுதவள்
இந்தக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பத்தாம் நாள் கூண்டை இறக்கிவிட்டார்கள்.
டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி
கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.
"பாதி குறைஞ்சிருக்கு."

பாதி புண்ணுடையது.
மீதி யாருடையது என்று கேட்க
மதுரையில் ஊசி, செவ்வாய்க்கிழமை.
பஸ் காலை நாலே முக்காலுக்கு.