பின்னோக்கி நான்கு கியர்

வேலந்தாவளம் செக்போஸ்ட் ரிஜிஸ்டரில்
இதற்குக் கட்டம் இல்லை.
நாலு சக்கரம் என்றால் கார், மூன்று என்றால் ஆட்டோ.
ஆட்டோவுக்கு ஒன்று முன்னால், இரண்டு பின்னால்.
இதற்குத் தலைகீழ்.
"ஸ்டியரிங் எவிடெ?" என்றார் முரளீதரன் சார்.
ஹேண்டில்பாரைக் காட்டினேன்.
பேனாவை மூடிவிட்டார்.

நெல்லியாம்பதி எஸ்டேட் ஷெட்டில்
இருபத்தெட்டு வருஷம் கோழி அடைத்த வண்டி.
ஜெர்மனியிலிருந்து அங்கே எப்படி வந்ததென்று
மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள்.
மூன்றையும் நம்பாமல் விலை பேசினேன்.
எச்சத்தைச் சுரண்டச் சுரண்ட
அடியிலிருந்து ஒரு பச்சை வந்தது,
கொய்யாக்காயின் பச்சை.

இதை வரைந்தவன் முதலில் காரை வரையவில்லையாம்.
போரில் கால் போனவர்களுக்கு
உட்கார்ந்து ஓட்ட ஒரு வண்டி.
அப்புறம் அதற்கு எஞ்சின்,
அப்புறம் முதுகுக்குப் பின்னால் இன்னோர் ஆள்.
விமானம் செய்யக்கூடாதென்று கை கட்டப்பட்ட தொழிற்சாலை ஒன்று
சும்மா கிடந்தது. தகரம் மடக்கத் தெரிந்தவர்கள்
சும்மா கிடந்தார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில்
சவேரியம்மாளுக்கு இதைப் படித்துக் காட்டினேன்.
இடது கால் காலிபரின் வாரை ஒரு துளை இறுக்கிக்கொண்டு
"காலை எடுத்தவனே வண்டியும் வித்தானா?" என்றாள்.
லேத்தை நிறுத்தவில்லை.
சிலிண்டரை ஒரு மில்லி அகட்டி
பழைய லாம்ப்ரெட்டா பிஸ்டனை உள்ளே இறக்கினாள்.
எண்ணெய் பூசிய விரலால் ஒரு தள்ளு.
கிணற்றில் வாளி இறங்குவதுபோல்
பெருமூச்சோடு இறங்கியது.

டயருக்கு அலையவில்லை. ஆட்டோ டயர் அச்சாகப் பொருந்திற்று.
அலைந்தது மூடிக்குத்தான்.
மிஞ்சிய விமான மூடிகளைக் கவிழ்த்தார்கள் என்றொரு பேச்சு உண்டு;
பொய். இதற்கென்றே அச்சு செய்தார்கள்.
மிச்சத்தில் செய்தவர்கள் நாங்கள்:
கூட்டுறவு பாங்கு கவுண்டரில்
கொரோனாவுக்கு நிறுத்தி, பிறகு கழற்றிப் போட்ட
கண்ணாடித் தகடு.
அமானுல்லாவின் பேக்கரி அடுப்பில்,
பன் எடுத்த பிறகு மிஞ்சும் சூட்டில்,
மர அச்சின்மேல் தளரவிட்டோம்.
முதல் தகடு கொப்புளித்தது.
இரண்டாவது ஆறும்போது, யாரும் தொடாமலே,
டப்பென்று.
மூன்றாவது நின்றது, லேசான ஒரு அலையோடு.
பேசுவதற்கு விட்டிருந்த வட்ட ஓட்டை
பின்சீட்டின் தலைக்கு மேல் வந்துவிட்டது.
அடைக்கலாமா என்றேன்.
"காத்து வேணும்" என்றாள்.
ஒரு வாரம் ரஸ்க் வாசனை.

இன்றைக்கு முதல் ஓட்டம். கோவை வரை போவதாக எண்ணம்.
மூடிக்குள் இருந்து பார்த்தால் முரளீதரன் சாரின் மீசை
அலையில் ஏறி இறங்குகிறது.
"திரிச்சு போ" என்கிறார்.
திரும்ப இடமில்லை.
இடப்பக்கம் தக்காளி லாரி, வலப்பக்கம் எம்-சாண்ட்.
சாரின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு:
ரிவர்ஸ் உண்டோ இதற்கு?

இல்லை.
எஞ்சினை அணைத்தேன்.
சாவியை வழக்கத்தைவிட ஆழமாக அழுத்தித் திருகினேன்.
சிலிண்டர் ஒருமுறை தும்மிவிட்டு
எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கியது.
முன்னால் போக வைத்த அதே நாலு கியரும்
இப்போது பின்னால் போக.

எனக்குத் தெரிவது சுருங்கிக்கொண்டே போகும் செக்போஸ்ட்.
பாதை அவளுக்குத்தான் தெரியும்.
காலைத் தூக்கிக் குறுக்கே வைத்து
உடம்பைத் திருப்பி, ஓட்டையில் வாய் வைத்து
"லெப்ட்டு" என்கிறாள்.
ஒடித்தேன். லாரிக்காரன் கத்தினான்.
"உன் லெப்ட்டு இல்ல, என் லெப்ட்டு!"
இரண்டாவது. மூன்றாவது.
தக்காளி லாரிகள் தீர்ந்து தென்னை வருகிறது,
என் முகத்துக்கு எதிரே விலகி விலகி.
சார் பேனாவோடு ரோட்டுக்கு ஓடி வருகிறார்,
எதையோ எழுதிக்கொள்ள.

"நாலாவது இருக்குல்ல?" என்கிறாள்
முன்னால் போய்க்கொண்டிருப்பவள்.
"போடு."