வெளக்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, எண்ணத் தொடங்கினால் முடியாது.
பைக்கை அணைத்துவிட்டு எழுதினேன்:
இனி என்னால் ஆகாது, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?
அனுப்பியபோது பின்னால் ஆட்டோ ஹாரன்.
கேட் எப்போதோ திறந்திருக்கிறது.

பதினோரு வருடம்.
பழைய எழுத்துருவில் அடித்ததை
யூனிகோடுக்கு மாற்றும் நாலாயிரம் வரி நிரல்.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திட்டலாம்.
மூன்றாவதைத்தான் அதிகம் செய்தார்கள்.
தீராத புகார் இருநூற்றுப் பதினான்கு.
ஏழு மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை,
கடன் கொடுத்தவன் தெருவைத்
தவிர்த்துச் சுற்றிப் போகிறவன் மாதிரி.

சுபேதா என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.
பழைய வண்ணாரப்பேட்டையில் டி.டி.பி. கடை.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வார்டு நோட்டீஸ்.
ஐம்பது தாண்டி அவர் நிரல் எழுதக் கற்றதற்கு
என் பிழைதான் காரணம்.
முதல் புகார் எனக்கு மனப்பாடம்:
"வெளக்கு என்று கொடுத்தால் உங்கள் கருவி
வௌக்கு என்று தருகிறது.
கண்ணுக்கு இரண்டும் ஒன்று.
தேடினால் கிடைப்பதில்லை."

முன்னால் கொம்பு, பின்னால் தனி ளகரம் நின்றால்
நடுவில் இருப்பது ஔகாரம் என்று
வௌவாலுக்காக நான் எழுதிய விதி.
கௌதமன்கள் நன்றி சொல்லியிருந்தார்கள்.
'விளக்கு என்று ஒழுங்காக எழுதுங்களேன்' எனப்
பதில் போட்டுப் புகாரை மூடினேன்.
நான்.
வீட்டில் "வெளக்கப் போடு" தவிர
வேறெதுவும் கேட்டு வளராத நான்.

மறுநாள் திறந்தார்:
"அஞ்சலி நோட்டீஸ். செத்தவரின் மகள்
எழுதிக் கொடுத்தது. திருத்த எனக்கு உரிமை இல்லை.
உங்களுக்கும்."

ஒப்படைப்பது எளிது என்றிருந்தேன்.
ஆறு இலக்கம் வரும் என்றது திரை.
வரவேண்டிய போன் நம்பரோ
நாலு வருடம் முன்பு ரீசார்ஜ் செய்யாமல் விட்டது.
அடித்துப் பார்த்தேன்.
எடுத்தவர் தேசப்பன், காசிமேட்டில்
ஐஸ் அரைக்கும் சத்தத்துக்கு நடுவில்.
"ஓடிபியா? யாருக்கும் சொல்லாதன்னு
பேங்க்லயே சொல்லிக்கிறாங்கோ. நேர்ல வா."

விடிகாலை நாலரை.
ஆறு வருடம் எழுத்தில் சண்டை போட்டவர்
ரெக்ஸின் பையோடு எனக்கு முன்பே வந்திருந்தார்.
கவிழ்த்த மீன் பெட்டிமேல் மடிக்கணினி.
தேசப்பன் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.
"சொத்து விவகாரமா?"
"ஒரு மாதிரி."
"எவ்ளோ தேறும்?"
"ஒண்ணும் தேறாது. எல்லாருக்கும் இலவசம்."
"அப்ப எதுக்குப் பூட்டு?"

எனக்குப் பதில் வரவில்லை.
சுபேதா சொன்னார்: "எடுக்கறதுக்குப் பூட்டு இல்லண்ணா.
உள்ள போடறதுக்கு."
அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.
"ஆமா. ஐஸ்ல எவனாச்சும் மருந்து கலந்தா
மீனுக்குப் பேரு கெடாது, எனக்குத்தான்."

போனைக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
நாலு, பூஜ்யம், பூஜ்யம், ஏழு,
இரு, கை ஈரம்.
அதற்குள் காலாவதி. மறுபடி கேட்டோம்.
இரண்டாம் முறை என் பெயருக்கு எதிரில் இருந்த சொல்
ஓசையில்லாமல் மாறியது.
தேசப்பன் டீ வாங்கித் தந்தார்,
என்ன கைமாறியதென்று கடைசிவரை கேட்கவில்லை.

அன்றிரவே சுபேதாவின் முதல் திருத்தம்.
'இதைத் தொடாதீர்கள், ஏன் ஓடுகிறதென்று
எனக்கே தெரியாது' என்ற
என் குறிப்புவரி போயிருந்தது.
கீழே சோதனைக்கு முந்நூற்று நாற்பது சொற்கள்,
வெளக்கு, வெளங்கல, வெளம்பரம்,
எல்லாம் நோட்டீஸ்களிலிருந்து.
தன் பழைய புகாரைத் தானே மூடியிருந்தார்.
இருநூற்றுப் பதின்மூன்று.

யாரோ ஒருவனைப் போல இறக்கி ஓட்டிப் பார்த்தேன்.
வெளக்கு வெளக்காகவே வந்தது.
ஆனால் பக்கத்துக் கடை தௌபீக்
இப்போது தெளபீக்.

புகார் எழுதினேன்.
அனுப்பும்முன் ஒருமுறை படித்து
கொஞ்சம் மரியாதை சேர்த்தேன்.
இருநூற்றுப் பதினான்கு.