டி வரிசை

சிவப்பு மையில் வட்டம் போட்டு
நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது பாரம்.
'டிசீஸ்ட்' பெயர் கேட்ட கட்டத்தில்
என் கையெழுத்து, முத்து முத்தாக:
ஜாண்டிஸ்.

பன்னிரண்டு வரை படித்தவள் என்று
முக்கூடலில் எங்கள் தெருவில் எனக்கொரு பேர்.
டிசீஸ் என்றால் நோய், தெரியும்.
வாலில் ஒட்டியிருந்த 'ட்'டை
அச்சுப்பிழை என்று நினைத்துவிட்டேன்.
ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்காரர்,
கம்பெனியில் லேபிள் ஒட்டியவர்,
வயது நாற்பத்தொன்று,
அந்த ஒரு 'ட்'டில் ஆளே இல்லாமல் போனார்.

"சவத்த விடுட்டி, வேற எழுதிக் குடுப்போம்"
என்றாள் ஆவுடை,
இலையிலிருந்து கத்தரியை எடுக்காமல்.

நான் விடவில்லை.
ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில்
அறுபது ரூபாய்க்கு ஓர் அகராதி.
முதல் ஆறு பக்கம் கிழிந்து போனது.
'அபேண்டன்' என்ன என்று
எனக்குத் தெரியவே போவதில்லை.

மடியில் சுளகு. சுளகில் தூள்.
முட்டுக்குப் பக்கத்தில் விரித்த பக்கம்.
ஒரு கட்டுக்கு ஒரு சொல்.
இருபத்தைந்து சுருட்டி நூல் கட்டுமுன்
அது விரலுக்குள் போயிருக்க வேண்டும்.

பொருள் சொல்லிவிட்டு
ஒரு வாக்கியமும் தருகிறது ஒவ்வொன்றுக்கும்.
அதற்குள் யாராவது குடியிருக்கிறார்கள்.
ஜான் ரயிலைத் தவறவிடுகிறான்.
மேரிக்கு விருந்தை விட்டுக் கிளம்பத் தயக்கம்.
மிஸ்டர் பிரவுன் குடையை மறந்துவிட்டு வருகிறார்.
அவ்வளவுதான் அவர்கள் ஆயுசு.
அடுத்த வரியில் வேறு சொல், வேறு ஆள்.
குடை கிடைத்ததா என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவர்களை அனுப்பிவிட்டு
எங்கள் ஆட்களை உள்ளே ஏற்றினேன்.
ரிலக்டன்ட்: பாப்பாக்குடி பஸ்
எங்கள் ஸ்டாப்பில் நிற்க ரிலக்டன்ட்.
ஃப்ராஜைல்: ஆனிக் காற்றில் இலை ஃப்ராஜைல்,
ஈரத்துணி போட்டு மூடு.
ரிஜெக்ட், பெண்டிங், அட்ஜஸ்ட்
இதற்கெல்லாம் அகராதி பார்க்கவில்லை.
அவை பொருள் சொல்லாமல்
வாக்கியமாகவே வீடு ஏறி வந்தவை.

டி வரிசையை மட்டும்
தள்ளித் தள்ளிப் போட்டேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மழை அடைத்துக்கொண்டு,
கரண்டும் இல்லை. புரட்டினேன்.
டிசீஸ்ட்: அண்மையில் இறந்த.
கீழே சாய்ந்த எழுத்தில்:
இறந்தவர் 'வில்' ஏதும் விட்டுச் செல்லவில்லை.

கடைசிப் பக்கங்களுக்கு ஓடினேன்.
வில் என்றால் உயில். சரி,
பத்திரம் எழுத அவருக்கு என்ன இருந்தது?
வில் என்றால் விருப்பம்.
கூரையில் நாலு ஓடு மாற்றணும் என்றார்.
மகளை சயின்ஸ் குரூப்பில் சேர்க்கணும் என்றார்.
வில் என்றால், இனி நடக்கப்போவதற்கு
முன்னால் வைக்கும் சொல்.
தமிழில் அதே ஒலிக்கு, விற்றுவிடு.
அவர் சைக்கிளை ஆவுடை வித்தது ஆவணியில்.

சொல்லுக்கு ஒரு வாக்கியம் எழுத நோட்டைத் திறந்தேன்.
எங்கள் பக்கம் இந்தச் சொல்லுக்கு
வாக்கியத்துக்கா பஞ்சம்?
வராத பஸ் சவம். பொங்கி வழிந்த பால் சவம்.
அறுந்த நூல், தூள் குறைத்துப் போட்ட கடை,
திரும்பி வந்த பாரம், எல்லாமே சவம் ஆவுடைக்கு.
அவரை மட்டும் அவள்
ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.
அவுக, என்பாள்.
நோட்டில் அந்த வரியைக் காலியாக விட்டேன்.

புதுப் பாரம் வந்தது.
அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து
கட்டம் கட்டமாக நிரப்பினேன்.
சங்கிலிபூதம். இங்கிலீஷில் பதினான்கு எழுத்து.
விரல் வைத்து அவளும் எண்ணினாள்.
நகக்கண்ணில் இருந்த தூள்
ஏழாவது கட்டத்தில் லேசாக ஒட்டியது.

"அவுக பேரு
இம்புட்டு நீளமாட்டி?"