வலப்புற அடுக்கு

இந்தப் பேருந்தில் இடப்பக்கம் நாவல்கள்.
வலப்பக்கம் வரலாறு, தத்துவம், அறிவியல், சமூகம்.
உண்மைக்கு எடை அதிகம் என்று சொல்ல வரவில்லை.
ஆனால் உட்ஸ்யோக்கி மேடு ஏறும்போது
வண்டி வலப்பக்கமாகத்தான் சாய்கிறது.

டிசம்பரில் சூரியனுக்கு விடுப்பு.
பதினொரு மணிக்கு ஒரு நீலம் வரும்,
ஒரு மணிக்கு அதுவும் கிளம்பிவிடும்.
பெட்ரோல் நிலையம், மூடிய பள்ளி, ஏரி முனை:
நிறுத்தத்துக்கு இருபது நிமிடம்.
படியில் பூட்ஸைத் தட்டிவிட்டு ஏறுவார்கள்.
யாரும் வணக்கம் சொல்வதில்லை,
கதவைச் சீக்கிரம் சாத்துவதே இங்கே மரியாதை.

தலைமை நூலகம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் அனுப்பும்:
பரிந்துரைக்கப்பட்ட ஐம்பது.
கூடவே முதுகில் ஒட்ட
ஐம்பது மஞ்சள் நட்சத்திரங்கள்.
ஒட்டுவேன். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

இங்கே பரிந்துரை வேறு மாதிரி.
பனியின் இயற்பியல் பற்றிய நூலை
கலைமான் மேய்க்கும் நீலாஸ் திருப்பித் தந்தபோது சொன்னான்:
"எழுதியவர் கெட்டிக்காரர்.
வெளியே மட்டும் போனதில்லை."
அன்றிலிருந்து அதற்குக் கிராக்கி.
எந்தப் பக்கத்தில் தவறு என்று பார்க்கவே
ஆறு பேர் எடுத்துப் போனார்கள்.

வட்டி பிறந்த கதையைச் சொல்லும் தடித்த நூலை
பெட்ரோல் நிலையத்து இர்யா
மூன்று முறை நீட்டித்தாள்.
நான்காம் முறை அபராதம் கட்டினாள்,
சில்லறையாக,
முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

காலம் என்று ஒன்று இல்லவே இல்லை என நிறுவும் நூல்
பதினொரு வாரம் தாமதமாக வந்தது.
முப்பத்தொன்பதாம் பக்கத்தில்
அடையாளத்துக்கு ஒரு வெண்மீன் செதில்.
அதற்கப்பால் ஒருவரும் போனதாகத் தெரியவில்லை.
செதிலை எடுக்கவில்லை.
அடுத்தவர் எங்கே நிறுத்துவதென்று தவிக்க வேண்டாம்.

இனி அந்தப் போர் வரலாறு.
எழுநூறு பக்கம், வரைபடங்கள், நட்சத்திரம் இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
"பின்வாங்கிய படை வடக்கத்திய ஊர்களை எரித்தது."
ஐந்து சொல். முற்றுப்புள்ளி.
அடுத்த வரி ஒரு ரயில் பாலத்துக்குப் போய்விடுகிறது.

ஓரத்தில் பென்சிலில், சாய்ந்த எழுத்து:
மூன்று நாள்.
அதன் கீழே வேறொரு கை:
நான்கு. கொட்டகை நான்காம் நாள்தான்.
அதன் கீழே:
புகைபோக்கிகள் மட்டும் நின்றன. எண்ணினோம். இருபத்தாறு.
பக்கத்தின் அடியில், நீலப் பேனாவில்,
விதிப்படி இன்னும் பெரிய குற்றமாக:
பசு தானாகத் திரும்பி வந்தது.
கறக்கப் பாத்திரம் இல்லை.

பென்சில் என்றால் அழிக்க வேண்டும்.
பேனா என்றால் நூலையே கழிக்க வேண்டும்.
விதி கையேட்டில் இருக்கிறது, ரப்பர் இழுப்பறையில்.
போன ஜனவரியில்
ஏரி முனையில் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்து
ரப்பரை எடுத்துத் தேய்த்தும் பார்த்தேன்.
ஒரு சொல்லின் முதல் எழுத்து போயிற்று.
தாளில் ஒரு வெளுப்பு, மடியில் கரித்தூள்.
யாருடைய மூன்று நாள் அது?
அழித்த எழுத்தை நானே திரும்ப எழுதினேன்.
சாய்வு ஒத்துவரவில்லை.
இப்போது அந்த ஒற்றைச் சொல்லில் இரண்டு பேர்.

நேற்று தெர்த்து வந்தாள்.
பள்ளி மூடிய பின்னும் தெற்கே திரும்பாத ஆசிரியை.
கையுறையைப் பல்லால் கழற்றி
வலப்பக்கம் நெடுநேரம் நின்றாள்.
நட்சத்திரம் போட்ட எதையும் தொடவில்லை.
தடித்ததை உருவிக் கேட்டாள்:
"இது நல்ல நூலா?"

"அச்சு சுமார்.
பென்சிலைப் படியுங்கள்."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.
முத்திரை குத்தினேன், மை உறைந்திருந்தது,
ஊதி ஊதி இரண்டாம் முறை குத்தினேன்.
அவள் பையில் பால் பெட்டியும் பேட்டரியும்
நகர்ந்து இடம் கொடுத்தன.

இருபது நிமிடம் முடிந்தது.
அடுக்கில் நான்கு விரல் அகலம் காலி.
முதல் திருப்பத்தில்
மற்றவை ஒவ்வொன்றாக
அந்தப் பக்கம் சாயும் சத்தம்.