விழுந்ததைத் தூக்கும் முறை

ஒஷாவா கல்லூரியின் வாகனத் தரிப்பிடத்தில்
சனிக்கிழமை காலை ஏழரை.
செம்மஞ்சள் கூம்புகள், மீசை அரும்பிய பெடியள் பதினொரு பேர்,
ஐம்பத்திரண்டு வயதில் நான்.
பெயர் கேட்டாள் டெனீஸ்.
சுகிர்தமலர் என்றேன்.
ஹெல்மெற் நெற்றியில் ஒட்டிய துண்டில்
சுகி வரைக்கும்தான் இடமிருந்தது.
மலரை வீட்டில் விட்டு வந்ததாய் வைத்துக்கொண்டேன்.

இடக்கைக்குக் கிளச், வலக்கைக்குப் பிறேக்,
இடக்காலுக்குக் கியர், வலக்காலுக்கு இன்னொரு பிறேக்.
இதில் என்ன புதினம்?
ஒரு கையில் அகப்பை, மறு கையில் தொலைபேசி,
இடுப்பில் பிள்ளை,
காலால் குளிர்பெட்டிக் கதவு.
அப்போது ஒருவரும் சான்றிதழ் தரவில்லை.

பத்தரைக்கு விழுந்தேன்.
வேகத்தில் அல்ல, நின்ற இடத்தில்.
பசு படுப்பது போல
ஆறுதலாக,
நானும் அதுவும்.

ஓடிவந்த பெடியளை டெனீஸ் கை காட்டி மறித்தாள்.
நூற்றைம்பது கிலோ. எதிரே நின்று இழுத்தால்
உன் நாரி போய்விடும்.
அதற்கு முதுகைக் காட்டு. குந்து.
ஒரு கை ஹாண்டிலில், மறு கை சீற்றுக்குக் கீழே,
தொடையால் உன்னிப் பின்பக்கமாய் நட...
அவள் சொல்லி முடிக்க முன்
அது எழும்பி நின்றது.

எங்கே பழகினாய்?

முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருட இரவுகள்.
கட்டிலால் வழுக்கிய மிஸ்ரர் ஹாலரன்,
குளியலறையில் இருந்து எழும்ப மறுத்த மிஸிஸ் பெற்றென்கோ.
இது எவ்வளவோ மேல்.
தூக்கும்போது என் முகத்தைப் பார்த்துத்
தன் மகளின் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

சேலையோடு பின்சீற்றில் பக்கவாட்டாய் இருந்தால்
வீதியில் பாதிதான் தெரியும்.
மதில், படலை, மதில், நாய்.
மற்றப் பாதி
ஓட்டுகிறவர் வந்து சொன்னால் உண்டு.

தவரூபன் ஒன்றும் சொல்லவில்லை.
காப்புறுதிக் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார்.
அடுத்த நாள் கராஜில்
பனி தள்ளும் மெசின் ஒரு முழம் நகர்ந்திருந்தது.
மகள்தான் சொன்னாள்,
அம்மா, இதுக்குப் பேர் நடுவயதுச் சிக்கல்.
சிக்கலை நான் தலைமயிரில்தான் கண்டேன்,
ஹெல்மெற் கழற்றும்போது.

ஒன்றை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.
இரண்டு வருடமாய் உடம்புக்குள் ஓர் அடுப்பு.
கேட்டுக் கேள்வியில்லாமல் மூளும்,
பஸ்ஸில், பூசை நடுவில், நல்ல நித்திரையில்.
யன்னலைத் திறந்தால் அவருக்குக் குளிர்.
சிம்கோ தெருவால் வடக்கே போய்
வீடுகள் முடிந்து சோளம் தொடங்கும் இடத்தில்
நாலாம் கியர் விழ,
ஜக்கெற் சிப்பை நாலு விரற்கடை இறக்கினேன்.
அவ்வளவு காற்றும்!
கத்தினேன்.
என்ன சொல்லிக் கத்தினேன் என்பது
ஹெல்மெற்றுக்குத்தான் தெரியும்.

எதிரே வந்த தாடிக்காரர்
இடக்கையை இறக்கி
இரண்டு விரலால் நிலத்தைக் காட்டிப் போனார்.
எதையோ விழுத்திவிட்டேன் என்று பதறி
ஓரம் கட்டி, இறங்கி,
செயின், சில்லு, சப்பாத்து நாடா எல்லாம் பார்த்தேன்.
எல்லாம் இருந்தது.
மூன்றாவது ஆளும் காட்டியபோதுதான் விளங்கியது,
அது வணக்கம்.

ஸ்கூகொக் ஏரிக்கரையில் தேத்தண்ணி.
திரும்பும் வழியில் ஒரு பெண் வந்தாள்,
பச்சை வண்டி, முகம் தெரியவில்லை,
விரல் இரண்டும் நிலத்தைப் பார்த்தபடி.
கையை எடுக்கலாமா, எடுத்தால் விழுவேனா
என்று நான் யோசித்து முடிக்க
அவள் போய்விட்டாள்.
என் இரண்டு விரலும்
அவளுக்குப் பின்னால் வந்த பால் லொறிக்குத்தான் கிடைத்தன.

சாரதி ஹோர்ன் அடித்தான், நீளமாக.