களி ஆறும் முன்

ஆனி மாதம். இரவு ஷிப்ட்.
பர்கூர் சாலையில் எங்கள் மாங்கூழ் ஆலை
நீராவி விட்டுக்கொண்டிருந்தது.
பெல்ட்டில் பெங்களூரா வரும், வரும்,
வந்துகொண்டே இருக்கும்.
இரு பக்கமும் முப்பத்திரண்டு பெண்கள்.
படிமேல் நான்:
நீலக் கோட்டு, கழுத்தில் விசில்,
விசில் கயிற்றோடு சிக்கிக்கொள்ளும் ஜெபமாலை.

இரண்டரை மணிக்கு நாகவேணி கண்ணசந்தாள்.
நாலைந்து அழுகல் தப்பி உள்ளே போய்
பதினோரு டிரம்மில் புளித்த வாடை.

'யாரு?' என்றார் மேனேஜர்.
அந்தச் சொல் முடியுமுன் பெயரைச் சொல்லிவிட்டேன்.
சேவல் கூவவில்லை.
வாட்ச்மேன் கட்டிவைத்திருந்ததை
முந்தின நாளே குழம்பு வைத்தாகிவிட்டது.

ஞாயிறு, எலத்தகிரி கோவிலில்
தோளில் குட்டி சுமந்த ஆயரின் சுரூபம்.
ஞானஸ்நானம் முதல் பார்க்கிற சுரூபம்தான்.
இரண்டு கையாலும் ஆட்டின் கால்களைப் பிடித்திருந்தார்.
விசிலுக்குக் கை மிச்சமில்லை.

பூசை முடியக் காத்திராமல் பஸ் ஏறினேன்.
கிருஷ்ணகிரியில் மாறி, குருபரப்பள்ளி தாண்டும்வரை
மன்னிப்பு வரிவரியாகச் சரியாக இருந்தது.
வேப்பனப்பள்ளியில் இறங்கியபோது
ஒரு வரியும் இல்லை.

களி கிளறிக்கொண்டிருந்தாள்.
சுவரில் வேடியப்பன் காலண்டர்.
விரல்களில் மாம்பால் பொத்த கறுப்பு.
பகலில் தோப்பில் காய் பறித்து
இரவில் அதே காயை எங்களிடம் பிரித்திருக்கிறாள்,
அவள் பையன் சொல்லித்தான் தெரிந்தது.
முப்பத்திரண்டு பேரின் டோக்கன் எண்ணும்
எனக்கு மனப்பாடம்.

'சாப்ட்டியாக்கா?'
பேரைச் சொன்னது நான்தான் என்றேன்.
'தெரியும். சாப்ட்டியா?'
உனக்காகப் பேசுகிறேன், நாளைக்கே, மேனேஜரிடம்...
'அது கெடக்குது. களி ஆறுது. சாப்ட்டியா இல்லியா?'

மூன்றாம் முறை கேட்டதும்
கலங்கிப்போன ஒருவனை எனக்குத் தெரியும்.
ஏரிக்கரை, விடியல், கரி நெருப்பில் மீன்.
அவனிடம் கேட்கப்பட்டது வேறு கேள்வி என்றே
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

உருண்டையில் குழி பறித்து
அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினாள்.
மென்னாதே, விழுங்கு என்றாள்.
விழுங்கினேன்.

திங்களன்று அவளை உள்ளே விடவில்லை.
செவ்வாயும் இல்லை.
நீ உள்ளே போக்கா, லைன் நிக்கும் என்றாள்.
போகவில்லை. கேட்டுக்கு வெளியே,
லாரிகள் வரிசை கட்டும் புழுதியில்,
அவளுக்கு அருகே ஒரு காலிக் கிரேட்டைக் கவிழ்த்து
உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே பெல்ட் ஓடும் சத்தம்.
விசில் இல்லாமலும் ஓடத்தான் செய்கிறது.