கால்பெருவிரல்

முதல் முழுக்கில்
நசரேனின் கால்பெருவிரல்
தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டதாம்.
செல்லாதென்று மறுபடி அமிழ்த்தினார்களாம்
வெள்ளைச் சட்டை மார்மன் தம்பிகள்.
காசிமேட்டில் வலை இழுத்தவனுக்குத்
தொட்டித் தண்ணீரில் இவ்வளவு கணக்கு.

எனக்கு ராயபுரம் கோயிலில்
உச்சியில் மூன்று தரம் ஊற்றினார்கள்.
நாற்பதாம் நாள்; வீறிட்டேனாம்.
"எட்டு வயசுக்கு முன்ன பாவமே இல்லக்கா"
என்கிறான்.

என் சீட்டுப் பணத்தோடு
இவன் ஓடிய வருஷம் தொட்டு
சனிக்கிழமைதோறும்
அதே கோபத்தைச் சாமியாரிடம் சொல்லி
அதே மூன்று அருள்நிறை மரியே.
திங்கட்கிழமை ஏலத்துக்குள்
திரும்ப வந்துவிடும்.

மனந்திரும்பினால்
எடுத்ததைத் திருப்பணுமாம்.
நேற்று வைத்துவிட்டுப் போனான்,
ஐஸ் ஈரம் காயாத நோட்டுகள்.

எண்ணினேன்.
இருநூறு குறைந்தது.

மறுபடி அமிழ்த்தவில்லை நான்.